கொக்குவாயும் படுகண்ணும்

தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தைச் சுற்றி வருபவர்கள் அண்ணாந்து பார்த்தபடி நடப்பார்கள். வாசிக்க வேண்டியது கீழே இருக்கிறது. அடித்தளத்தில் வரிவரியாக ஓடும் எழுத்துகளில் பெரும்பகுதி போர் வெற்றிகளைப் பாடவில்லை, நகைகளை எண்ணிக்கொண்டிருக்கிறது. எத்தனை முத்து, எத்தனை வைரம், எத்தனை கழஞ்சுப் பொன் என்று ஒவ்வொரு நகையையும் பிரித்துப் பிரித்துச் சொல்லும் அந்தப் பட்டியலில் இரண்டு சிறு சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று ‘கொக்குவாய்’. மற்றொன்று ‘படுகண்’.

கொக்குவாய் என்பது மாலையின் ஒரு முனையில் இருக்கும் கொக்கி. படுகண் என்பது மறுமுனையில் அந்தக் கொக்கியை ஏற்கும் வளையம். வயல்நீரில் தலையைச் சாய்த்து நிற்கும் கொக்கைத் தினமும் பார்த்த பொற்கொல்லர், வளைந்த முனைக்கு அந்தப் பெயரை வைத்திருக்கிறார். ஆயிரம் ஆண்டுக்கு முன் காவிரிப் படுகையின் ஒரு பட்டறையில் புழங்கிய சொல் அப்படியே கல்லில் ஏறிவிட்டது. அந்தக் கொக்குவாய்கள் பூட்டிய மாலைகள்தாம் இல்லை. பட்டியலில் உள்ள நகைகளில் இது என்று கைநீட்டிக் காட்ட இன்று ஒன்றுகூட இல்லை.

சொல் இருக்கிறது, பொருள் இல்லை. இதற்கு நேர் எதிரான நிலை உலகின் இன்னொரு மூலையில், ஏறத்தாழ அதே காலத்தில் உண்டு. அதைப் பார்த்துவிட்டு வந்தால் தஞ்சையின் நிலை தெளிவாக விளங்கும்.

பெயர் மறந்த கலன்கள்

எட்டாம் நூற்றாண்டின் இறுதி முதல் பதினோராம் நூற்றாண்டு வரை வட ஐரோப்பாவின் கடல்களில் கப்பலோட்டிய ஸ்காண்டிநேவியர்களை வைக்கிங்குகள் என்கிறோம். அவர்களுடைய பெண்கள் அணிந்த மேலாடைக்குத் தோளில் பட்டைகள் உண்டு. அந்தப் பட்டைகளை மார்புக்கு மேலே இரண்டு பக்கமும் பிடித்து நிறுத்த, ஆமை ஓடு போலக் குவிந்த முட்டை வடிவ வெண்கலப் புரோச்சுகளை இணையாகக் குத்திக்கொண்டார்கள். நம் வீடுகளில் சேலை முந்தானையில் குத்தும் புரோச்சுக்கு அது தொலைதூர உறவு. குளிர்நாட்டில் அது வெறும் அலங்காரமில்லை. அது கழன்றால் ஆடையே நழுவிவிடும்.

இறந்தவரை அணிகலனோடு புதைக்கும் வழக்கம் அவர்களில் பலரிடம் இருந்ததால், அந்தப் புரோச்சுகள் மண்ணுக்குள் பத்திரமாகக் கிடந்தன. சுவீடனின் பிர்கா என்ற பழைய வணிக நகரில் 1870களில் தொடங்கி ஹ்யால்மர் ஸ்டோல்பே என்ற ஆய்வாளர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளைத் தோண்டினார். புரோச்சுகளின் உட்புறத்தில், உலோகம் துருவேறிய இடத்தில், ஆடையின் துணுக்குகள் ஒட்டியிருந்தன. மட்கிப்போயிருக்க வேண்டிய துணியைச் செம்பின் களிம்பே காப்பாற்றியிருந்தது. வைக்கிங் பெண்ணின் ஆடை பற்றி இன்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு அந்தத் துணுக்குகளிலிருந்து கிடைத்ததுதான்.

ஆனால் அந்தப் பெண்கள் அந்த நகையை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்பது உறுதியாகத் தெரியவில்லை. பழைய நார்ஸ் பாட்டு ஒன்றில் வரும், ‘குள்ளர்கள்’ என்று பொருள்படும் ஒரு சொல் இதைக் குறிக்கலாம் என்று அறிஞர்கள் ஊகிக்கிறார்கள். கி.பி. 922இல் வோல்கா ஆற்றங்கரையில் வைக்கிங் வழிவந்த ரூஸ் வணிகர்களைச் சந்தித்த அரபுப் பயணி இபின் ஃபத்லான், அவர்களுடைய பெண்களின் மார்பில் பெட்டி போல ஒன்று இருந்ததாகவும், கணவனின் செல்வத்துக்கேற்ப அது இரும்பாகவோ செம்பாகவோ வெள்ளியாகவோ பொன்னாகவோ இருந்ததாகவும் எழுதினார். அவ்வளவுதான். செய்தவரின் சொல் போய்விட்டதால், நார்வே அறிஞர் யான் பீட்டர்சன் 1928இல் வெளியிட்ட வகைப்பாட்டின் எண்களாலேயே அவை இன்று அறியப்படுகின்றன. மிகப் பரவலாகக் கிடைக்கும் வகையின் பெயர் ‘பி 51’. ஒரு பெண் தன் உடம்போடு கல்லறைக்குக் கொண்டுபோன நகைக்குக் கடைசியில் மிஞ்சியது ஓர் எழுத்தும் ஓர் எண்ணும்.

கலன் தொலைந்த பெயர்கள்

தஞ்சையில் நடந்தது இதன் மறுபக்கம். முதலாம் இராசராசன் தன் 26ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 1010ஐ ஒட்டி, அரண்மனையின் கீழைத் திருமஞ்சன சாலையில் இருந்தபோது ஓர் ஆணை இட்டான். தான் கொடுத்தவை, தன் அக்கன் குந்தவை கொடுத்தவை, தன் தேவியர் கொடுத்தவை, மற்றவர் கொடுத்தவை எல்லாவற்றையும் விமானத்தில் வெட்டிவைக்கச் சொன்ன ஆணை அது. அதன் விளைவுதான் நாம் பார்க்கும் எழுத்துகள். 1880களில் இவற்றைப் படியெடுத்துப் படித்த ஜெர்மானிய அறிஞர் ஹுல்ஷ், 1891 முதல் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ வரிசையின் இரண்டாம் தொகுதியாக வெளியிட்டார்.

அந்தத் தொகுதியைக் கையில் எடுத்தால் ஒரு நகைப் பேழையைத் திறந்த உணர்வு வரும். திருமுடி, பட்டம், தோடு, வாளி, ஏகவல்லி, தாலிமணிவடம், ஸ்ரீபாஹுவலயம், திருக்கைக்காறை, திருப்பட்டிகை, திருவடிக்காறை என்று உச்சி முதல் பாதம் வரைக்குமான அணிகள். முத்து என்று ஒரே சொல்லில் முடிக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம், அம்புமுது, கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து, குளிர்ந்தநீர், சிவந்தநீர் என்று ரகம் பிரித்தார்கள். முதல் சில பெயர்கள் முத்தின் வடிவத்தையும் அளவையும் சொல்கின்றன. கடைசி இரண்டும் அதன் ஒளியோட்டத்தைச் சொல்கின்றன.

குறைகளும் பட்டியலில் உண்டு. வைரத்தில் சிவப்புப் புள்ளி இருந்தால் ‘ரக்தபிந்து’, கருப்புப் புள்ளி இருந்தால் ‘காகபிந்து’, சூட்டில் வெந்தது போல இருந்தால் ‘வெந்தன’. பரிசளிப்பவன் தன் பரிசின் பழுதை ஊரறிய எழுதிவைப்பது இன்று நமக்கு விசித்திரமாகத் தோன்றலாம். அது பெருமைக்காக எழுதிய பட்டியலாக இருந்தால் விசித்திரம்தான். ஆனால் அது கணக்கு. நல்ல கல்லைக் கழற்றிவிட்டுப் பழுதுக் கல்லைப் பொருத்தினால் பிறகு வருபவர் கண்டுபிடிக்க வேண்டும் என்ற எச்சரிக்கை அந்த எழுத்தில் இருக்கிறது.

நிறுத்த முறையும் அப்படியே. பொன்னை ‘ஆடவல்லான்’ என்னும் எடைக்கல்லாலும், மணி பதித்த நகைகளை ‘தக்ஷிணமேருவிடங்கன்’ என்னும் எடைக்கல்லாலும் நிறுத்தார்கள். இரண்டுமே இறைவனின் பெயர்கள். நிறுக்கும்போது கோத்த சரடு, தாங்கும் சட்டம், செப்பாணி, உள்ளே இட்ட அரக்கு ஆகியவற்றின் எடையைக் கழித்துவிட்டுத்தான் கணக்கெழுதினார்கள். இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. கழஞ்சு என்பது இன்றைய கணக்கில் ஏறத்தாழ 5 கிராம். அப்படியானால் ஒரு குன்றி கால் கிராமில் பாதி. கொக்குவாயும் படுகண்ணும் தனியே பெயர் பெற்றது இந்தக் கண்டிப்பினால்தான். ஒரு குன்றிமணி எடைப் பொன்னும் கணக்கிலிருந்து தப்பக் கூடாது.

பொன் போன வழி

அப்படி எழுதிய பொன் எங்கே போயிற்று? முதற்காரணம் பொன்னின் இயல்பிலேயே இருக்கிறது. பழைய நகையை அழித்துப் புது நகை செய்வது நம் வீடுகளிலும் நடப்பதுதானே. உருக்கிய மறுகணம் பொன்னுக்குப் பழைய பிறவி மறந்துபோகும்.

இரண்டாவது காரணம், அந்த நகைகள் யாரோடும் புதைக்கப்படவில்லை. வைக்கிங் பெண் இறந்தாள். அவளோடு புரோச்சும் மண்ணுக்குப் போனது. தஞ்சை நகைகளின் உடைமையாளர் தெய்வம். தெய்வத்துக்குச் சாவு இல்லை. ஆகவே கல்லறையும் இல்லை. தமிழகத்திலேயே புதைகுழி வழக்கம் இருந்த இடங்களில் நகைகள் கிடைத்திருக்கின்றன. தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூரில் 1876இல் யாகோர் என்ற ஜெர்மானியரும், பின்னர் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீயும் தோண்டியபோது தாழிகளோடு மெல்லிய பொன் நெற்றிப்பட்டங்கள் கிடைத்தன. இரும்புக்கால மனிதர் ஒருவரின் நெற்றியில் கட்டிய பட்டத்தை இன்று கண்ணால் பார்க்க முடிகிறது. அதற்குப் பல நூற்றாண்டுகள் பிந்திய சோழர் நகையைப் பார்க்க முடியவில்லை.

மூன்றாவது காரணம் கொள்ளை. 1311இல் மாலிக் காபூரின் படை தமிழகத்துக்குள் வந்தது. அதன் பிறகும் படைகள் வந்தபடி இருந்தன. 1758இல் தஞ்சை மன்னரிடம் பணம் கேட்டுப் படையெடுத்த பிரெஞ்சுத் தளபதி லாலி, வழியில் கீழ்வேளூர்க் கோயிலைச் சூறையாடியதை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஆர்ம் பதிவு செய்திருக்கிறார். லாலியின் வீரர்கள் வீடுகளைத் துருவினார்கள், குளங்களைத் துழாவினார்கள், திருமேனிகளையும் எடுத்துச் சென்றார்கள். ஆனால் அவர்கள் எதிர்பார்த்தபடி அவை பொன்னாக இருக்கவில்லை. பித்தளை என்று அறிந்து ஏமாந்தார்கள் என்கிறார் ஆர்ம். பொன்னைத் தேடி வந்தவர்களுக்கு வெண்கலம் ஏமாற்றம். அந்த ஏமாற்றம்தான் வரலாற்றுக்கு வாய்த்த அதிர்ஷ்டம். காவிரிப் படுகையின் நகைக்கலை இன்று மிச்சமிருப்பது வெண்கலத்தில்தான்.

உலோகத்தில் உறைந்த நகை

சோழர் திருமேனி ஒன்றின் முன் நின்று மேலிருந்து கீழே பாருங்கள். தலையில் கரண்டமகுடமோ சடைமகுடமோ, தலைக்குப் பின்னால் சிரச்சக்கரம், காதில் ஓலைச்சுருளும் மகரக்குழையும், கழுத்தில் கண்டிகையும் ஆரமும், தோளில் தொங்கும் குஞ்சலம், மேல்கையில் கேயூரம், மார்பின் குறுக்கே முப்புரிநூல், வயிற்றில் உதரபந்தம், காலில் பாடகம், சிலம்பு. தைக்காத துணியை இடுப்பில் சுற்றி முடிந்துகொள்ளும் நாட்டில் தோளில் குத்தும் புரோச்சுக்கு வேலையில்லை. ஆனால் இடைக்கச்சையைப் பூட்டும் இடத்தில், நடு இடுப்பில், பிதுங்கிய கண்களும் திறந்த வாயுமாக ஒரு சிங்கமுகம் இருக்கும். வைக்கிங் புரோச்சின் வேலையைக் காவிரிக்கரையில் செய்தது அந்தச் சிங்கமுகம்தான். ஆடையைப் பிடித்து நிறுத்தும் ஒரு சிறு உலோகத் துண்டில் கலைஞன் தன் திறமையெல்லாம் கொட்டுகிறான். அங்கேயும் அப்படித்தான், இங்கேயும் அப்படித்தான்.

செய்முறையில் ஒரு வேறுபாடு இருக்கிறது. வைக்கிங் பட்டறையில் ஒரு புரோச்சையே களிமண்ணில் அழுத்தி அடுத்ததற்கு அச்செடுத்தார்கள். உலோகத்தின் கனத்துக்காக அச்சுக்குள் துணியை வைத்ததால், புரோச்சுகளின் உட்புறத்தில் அந்தத் துணியின் நெசவுத் தடம்கூடப் பதிந்திருக்கிறது. அதனால் ஒரே அச்சுச் சாயலில் நூற்றுக்கணக்கானவை பெருகின. காவிரிக்கரையில் மெழுகில் உருவைச் செய்து, அதன்மேல் நைசான ஆற்று வண்டலைப் பூசி, சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றினார்கள். உருவை வெளியே எடுக்க அச்சை உடைத்தாக வேண்டும். எனவே எந்தச் சிங்கமுகமும் இன்னொன்றின் நகல் இல்லை. சுவாமிமலைப் பட்டறைகளில் இந்த முறை இன்றும் தொடர்கிறது. காவிரியின் வண்டல் மண்தான் இன்றும் மெழுகின்மேல் முதலில் படுகிறது.

இதில் ஒரு முரண் உண்டு. கோயிலில் உற்சவரைச் சேவிக்கும் பக்தர் இந்த வார்ப்பு நகைகளைப் பார்ப்பதே அரிது. பட்டும் மாலையும் உண்மைப் பொன்னும் அவற்றை மூடியிருக்கும். பொன் நகை மேலே, வெண்கல நகை உள்ளே. காலம் மேலே இருந்ததை எடுத்துக்கொண்டு உள்ளே இருந்ததை விட்டுவைத்தது. திருமேனிகளின் காலத்தைக் கணிக்க அறிஞர்கள் நம்பியதும் இந்த உள்நகைகளைத்தான். 1932இல் சென்னை அருங்காட்சியகத்துக்குப் பட்டியல் தயாரித்த கிரேவ்லியும் டி.என். இராமச்சந்திரனும், 1963இல் நூல்கள் எழுதிய சி. சிவராமமூர்த்தியும் பி.ஆர். சீனிவாசனும் முப்புரிநூல் ஓடும் விதம், தோள் குஞ்சலம், சிரச்சக்கரத்தின் அமைப்பு போன்றவற்றைக் கொண்டே நூற்றாண்டுகளைப் பிரிக்க முயன்றார்கள்.

மண்வெட்டி முனையில்

இந்தத் திருமேனிகளில் பல கோயிலிலிருந்து அருங்காட்சியகத்துக்கு நேரே வந்தவை அல்ல. இடையில் பல நூற்றாண்டுகள் மண்ணுக்குள் இருந்தவை. படை வருகிறது என்ற செய்தி கிடைத்ததும் கோயிலார் குழி தோண்டித் திருமேனிகளைப் புதைத்தார்கள். ஆபத்து நீங்கியதும் எடுத்துவிடலாம் என்பது எண்ணம். இடம் தெரிந்த தலைமுறை போய்விட்டால் குழியும் மறந்துபோகும். பிறகு வீட்டுக்கு வானம் தோண்டுபவரோ, வயலை வெட்டுபவரோ, கோயில் திருப்பணிக்கு மண் எடுப்பவரோ கடப்பாறை முனையில் ‘டங்’ என்ற ஓசையைக் கேட்கும் நாள் வரும். படுகையின் மிகப் பெரிய கண்டுபிடிப்புகளுக்குக் காரணமானவர்கள் தொல்லியலாளர்கள் அல்லர், கூலியாட்கள்.

நாகப்பட்டினத்தில் 1856 முதல் 1930கள் வரை விட்டுவிட்டுக் கிடைத்த பௌத்த வெண்கலங்கள் ஏறத்தாழ 350. சோழர் காலத்தில் ஸ்ரீவிஜய அரசனின் பெயரால் எழுந்த சூடாமணி விகாரத்தின் ஊர் அது. 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயில் வளாகத்தில் மண் தோண்டியபோது ஒரு பாத்திரத்தில் 505 பொற்காசுகள் கிடைத்தன. 2023 ஏப்ரலில் சீர்காழிச் சட்டைநாதர் கோயிலில் குடமுழுக்குக்கான யாகசாலைக்குக் குழி எடுத்தபோது இருபதுக்கும் மேற்பட்ட ஐம்பொன் திருமேனிகளும், நானூறுக்கும் மேற்பட்ட தேவாரச் செப்பேடுகளும் வெளிவந்தன. சம்பந்தர் பிறந்த ஊரின் மண்ணுக்குள் சம்பந்தர் பாடல்கள் செம்பில் காத்திருந்தன.

ஆனால் கொக்குவாயும் படுகண்ணும் சரியாகப் பூட்டிக்கொண்ட இடம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது திருவெண்காடு. அங்கே 1950களின் தொடக்கத்தில் மண்ணிலிருந்து ஒரு தொகுதி வெண்கலங்கள் கிடைத்தன. அவற்றில் இடபவாகனர் திருமேனி ஒன்று. சுமார் மூன்றரை அடி உயரம். காளையின்மேல் கையைச் சாய்த்து, கால் மாற்றி நிற்கிறார். சடையைத் தலைப்பாகை போலச் சுற்றி அதில் பாம்பையும் வைத்திருக்கிறார். கையைத் தாங்க வேண்டிய காளை கிடைக்கவில்லை. இன்று தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் அவர் காற்றின்மேல் சாய்ந்து நிற்கிறார். அந்த வெற்றிடத்தில் நம் கண்ணே காளையை வரைந்துகொள்கிறது.

அழகான உருவங்கள் வேறு இடங்களிலும் உண்டு. திருவெண்காட்டின் தனிச்சிறப்பு, அவர் கிடைத்த ஊரின் கோயில் சுவரிலேயே அவரைப் பற்றிய கல்வெட்டு இருந்ததுதான். கி.பி. 1011ஆம் ஆண்டுக் கல்வெட்டு இடபவாகனரைச் சொல்கிறது. மறு ஆண்டுக் கல்வெட்டு அவருடைய தேவியைச் சொல்கிறது. மண் ஒரு பொருளைக் கொடுத்தது, கல் அதன் வயதைக் கொடுத்தது. இன்று ஆண்டு உறுதியான சோழ வெண்கலங்களை எண்ணும்போது முதலில் நினைவுக்கு வருவது இவர்தான். ஆண்டு தெரியாத மற்ற உருவங்களை இவரோடு ஒப்பிட்டே வயது சொல்கிறார்கள். இதே உருவம் எங்கே கிடைத்தது என்று தெரியாமல் ஒரு வெளிநாட்டுக் கடைக்குப் போயிருந்தால் அந்தக் கல்வெட்டு ஆளில்லாத பெயராக நின்றிருக்கும், இவர் பெயரில்லாத அழகாக நின்றிருப்பார். இரண்டையும் பூட்டியது ‘கிடைத்த இடம்’ என்ற ஒரே செய்தி.

பத்தூர் மண் சொன்ன சாட்சி

அந்தச் செய்தி அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கும் படுகையிலேயே பாடம் இருக்கிறது. 1976இல், அன்றைய தஞ்சை மாவட்டத்தின் பத்தூரில், பாழடைந்த கோயிலுக்குப் பக்கத்தில் தன் குடிசையருகே மண் வெட்டிய ஒரு கூலித்தொழிலாளிக்குத் திருமேனிகள் கிடைத்தன. அவற்றிலிருந்த நடராசர் கைமாறிக் கைமாறி இலண்டன் போனார். 1982இல் கனடாவைச் சேர்ந்த பம்பர் டெவலப்மெண்ட் என்ற நிறுவனம் இரண்டரை இலட்சம் பவுண்டுக்கு அவரை வாங்கியது. துப்புரவுப் பணிக்காகக் கொடுத்திருந்த இடத்தில் இலண்டன் போலீஸ் அவரைக் கைப்பற்றியது.

வழக்கில் கேள்வி எளிமையானது: இலண்டனில் இருக்கும் நடராசரும் பத்தூரில் புதைந்திருந்த நடராசரும் ஒருவர்தானா? இரா. நாகசாமி போன்ற கலை வரலாற்று அறிஞர்கள் பாணியை வைத்துச் சாட்சி சொன்னார்கள். அதோடு உலோகத்தையும், உருவத்தில் ஒட்டியிருந்த மண்ணையும், கறையான் விட்டுப்போன தடங்களையும் அறிவியலாளர்கள் பத்தூரில் கிடைத்த மற்ற வெண்கலங்களோடு ஒப்பிட்டார்கள். உலகச் சந்தையில் விலை கூடுவதற்காகத் துடைத்தெறிய வேண்டிய அழுக்கு நீதிமன்றத்தில் பிறப்புச் சான்றிதழாகியது. 1988இல் இலண்டன் உயர்நீதிமன்றமும், 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தமிழகத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தன. கோயிலையே வழக்காடும் உரிமையுள்ள ஒரு சட்ட ஆளாக ஆங்கிலேய நீதிமன்றம் ஏற்றதால் அந்த வழக்கு சட்டப் புத்தகங்களிலும் இடம்பெற்றது. நடராசர் அதே ஆண்டு திரும்பி வந்தார்.

இங்கே ஒரு சங்கடமான உண்மையைச் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் சாமி கிடைத்துவிட்டால் முதலில் நடப்பது குளிப்பாட்டுதல். தண்ணீர் ஊற்றி, பாலூற்றி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போடுவார்கள். பல நூற்றாண்டு இருட்டில் கிடந்த சாமியை அப்படியே வைத்திருக்க யாருக்கு மனம் வரும்? அந்தப் பக்தியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த முதல் குடம் தண்ணீரோடு பத்தூரில் சாட்சி சொன்னது போன்ற மண் கழுவப்பட்டுப் போகிறது. எந்த ஆழத்தில், எந்தத் திசை பார்த்து, எதன்மேல் எது கிடந்தது, மேலே மணல் பரப்பியிருந்ததா, செங்கல் அடுக்கியிருந்ததா என்பதெல்லாம் வட்டாட்சியர் வந்து சேர்வதற்குள் கலைந்துவிடுகிறது. புதைத்தவர்களின் கடைசிக் கணச் செய்தி அந்த அடுக்கில்தான் இருந்தது.

சட்டத்தின் இரண்டு முகங்கள்

1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மண்ணில் கண்டெடுப்பவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்; என்ன, எவ்வளவு, எங்கே, எந்த நாளில் என்பதையும் சொல்ல வேண்டும். உரிமை கோருபவர்களுக்கு அறிவிப்பு வெளியாகும். நூறாண்டுக்குள் புதைத்தவர் யாருமில்லை, உரிமையாளர் இல்லை என்று முடிவானால், கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கும் நிலத்துக்காரருக்கு ஒரு பங்கும் என்பது பொது விதி. அரசு எடுத்துக்கொள்ள விரும்பினால் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தரலாம். மறைத்தால் பங்கு போவதோடு ஓராண்டு வரை சிறை.

கவனித்துப் பார்த்தால் சட்டத்துக்கு ‘எங்கே’ என்ற கேள்வி தெரிந்திருக்கிறது. ஆனால் அதைக் கேட்பது உரிமையைத் தீர்க்கத்தான், வரலாற்றை அறிய அல்ல. கலைப்பொருளின் விலையை உலோகத்தின் விலையாகவே அது எண்ணுகிறது. கீழ்வேளூரில் லாலியின் வீரர்கள் போட்ட கணக்குக்கும் இதற்கும் பெரிய தூரமில்லை. கண்டெடுத்த ஏழைக்கோ காவல் நிலையம், விசாரணை, அலைச்சல் என்ற பயம்தான் முதலில் வருகிறது. அந்தப் பயத்தைத் தரகர்கள் நன்றாக அறிவார்கள்.

இங்கிலாந்திலும் நிலைமை ஒரு காலத்தில் மோசமாகத்தான் இருந்தது. உலோகம் கண்டறியும் கருவியோடு வயலில் திரிபவர்களையும் தொல்லியலாளர்களையும் பகையாளிகளாகவே பார்த்தார்கள். 1996இல் புதிய புதையல் சட்டம் வந்தது. அதையொட்டி 1997இல் பொதுமக்கள் தாமாக முன்வந்து பதிவு செய்யும் தொல்பொருள் திட்டம் ஒன்று தொடங்கியது. மாவட்டந்தோறும் ஓர் அலுவலர் இருப்பார். கிடைத்ததைக் காட்டலாம், அவர் அளந்து, படமெடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு பெரும்பாலும் பொருளைத் திருப்பித் தந்துவிடுவார். இதுவரை பதினைந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் பதிவாகியிருக்கின்றன.

அதன் பயனுக்கு ஓர் உதாரணம் கம்விட்டன். 2004இல் வடமேற்கு இங்கிலாந்தின் அந்தச் சிற்றூர் வயலில் ஒருவருக்கு முட்டை வடிவ வைக்கிங் புரோச் கிடைத்தது. அவர் அதை உரிய அலுவலரிடம் கொண்டுபோய்க் காட்டினார். அதே இடத்தில் முறையாகத் தோண்டியபோது நான்கு ஆண்களும் இரண்டு பெண்களுமாக ஆறு பேரின் கல்லறைகள் வெளிப்பட்டன. அந்தப் புரோச் நேரே ஏலக்கடைக்குப் போயிருந்தால் அது இன்னொரு ‘பி’ எண்ணாகவே முடிந்திருக்கும். இடத்தைச் சொன்னதால் ஆறு மனிதர்கள் வரலாற்றுக்குள் வந்தார்கள்.

அந்த ஏற்பாட்டை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அங்கே கிடைப்பது இறந்தவரின் நகை. இங்கே கிடைப்பது ஊர் கும்பிடும் சாமி. அதைக் கண்டெடுத்தவருக்குத் திருப்பித் தருவது என்ற பேச்சே எழாது. கருவியோடு வயலில் அலைவதற்கு இங்கே அனுமதியும் கூடாது. எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: கண்டெடுத்தவரைச் சந்தேகத்துக்குரியவராக நடத்தாமல் முதல் சாட்சியாக நடத்துவது. கிராம நிர்வாக அலுவலருக்கும் அறநிலையத் துறைப் பணியாளருக்கும் திருப்பணி மேஸ்திரிக்கும் சொல்லித்தர வேண்டிய பாடம் ஒரு பக்கத்துக்கு மேல் போகாது. கழுவாதீர்கள். எடுக்கும் முன் கைப்பேசியில் படம் எடுங்கள். ஆழத்தை அளந்து எழுதுங்கள். ஒட்டியிருக்கும் மண்ணில் ஒரு பிடியைத் தனியே வையுங்கள். எடுத்தவரின் பெயரை மரியாதையோடு பதிவேட்டில் ஏற்றுங்கள்.

இதில் வைக்கிங் நாடுகளைவிட நமக்குத்தான் ஆதாயம் அதிகம். அங்கே எத்தனை புரோச் கிடைத்தாலும் அதன் பெயரையும் கொடுத்தவரையும் எடையையும் சொல்லும் கல் எங்கும் இல்லை. இங்கே தஞ்சைக் கோயில் ஒன்றில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்ட உலோகத் திருமேனிகளைப் பற்றிக் கல்வெட்டு பேசுகிறது. உயரம் இத்தனை முழம், இத்தனை விரல், கைகள் இத்தனை, வார்ப்பு கனமானதா, உள்ளே பொள்ளலா, பீடம் எப்படி, அணிவித்தவை எவை என்று எல்லாம் எழுதியிருக்கிறது. அவற்றில் மிகச் சிலவே இன்று கோயிலில் உள்ளன. மற்றவை உருகிப் போயிருக்கலாம். எங்கோ ஒரு வரப்புக்குக் கீழே மணலில் கிடக்கவும் கூடும். அளவு எழுதியிருப்பதால், கிடைத்தால் அடையாளம் காண வழி இருக்கிறது.

குந்தவையும் இராசராசனின் தேவியரும் நகையைக் கொடுத்தபோது, கணக்கெழுதியவர் சரடையும் அரக்கையும் கழித்துவிட்டுப் பொன்னை மட்டும் நிறுத்தார். அவருக்கு அதுதான் சரி. ஆயிரம் ஆண்டு கழித்து மண்ணிலிருந்து ஒன்று வரும்போது நாம் அவர் கழித்தது போலக் கழிக்கக் கூடாது. ஒட்டியிருக்கும் மண்ணையும் சேர்த்தே நிறுக்க வேண்டும். கல்லில் படுகண் இன்னும் திறந்தபடி இருக்கிறது.